கனோவா பட்டறை முறையில் ஒரு பளிங்குத் தலை: அக்டோபர் முதல் அக்டோபர் வரை

பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளை முன்மாதிரியாகக் கொண்ட நியோகிளாசிக்கல் சிலை என்றதும், வெள்ளைப் பாறை முன் உளியும் கையுமாகத் தனியே நிற்கும் சிற்பிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். ஆனால் 1800-ஐ ஒட்டிய காலத்தில் இத்தாலியரான அந்தோனியோ கனோவாவும் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்தெல் தோர்வால்சனும் ரோமில் நடத்தியவை ஆள் நிறைந்த பட்டறைகள். சிற்பி களிமண்ணில் உருவத்தை முடித்துவிடுவார். வார்ப்புக்காரர் அதைப் பிளாஸ்டரில், அதாவது பாரிஸ் சாந்தில், வார்த்தெடுப்பார். உதவியாளர்கள் பிளாஸ்டரை அளந்து அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். மேலே சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதுதான் கல் மறுபடி சிற்பியின் கைக்கு வரும். ஆக, சிலை முடிவாகிற இடம் களிமண். அது உயிர் பெறுகிற இடம் கடைசி மூன்று மில்லிமீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் அளவு வேலை. தனியாளாக இந்த முறையைச் செய்து பார்ப்பவர் தன் ஓராண்டை இந்தக் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் களிமண்ணை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு ‘மீதியைக் கல்லில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போய், கல்லில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எதைச் செய்வது

முழு உருவம் வேண்டாம். கனோவா தன் பிற்காலத்தில் நிறையச் செய்த ‘கற்பனைத் தலை’ வகை போதும். யாருடைய சாயலும் இல்லாத, லட்சிய அழகு கொண்ட ஒரு பெண் தலை அது. 1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபின், பாரிஸுக்கு அள்ளிச் செல்லப்பட்டிருந்த இத்தாலியக் கலைப்பொருட்களை மீட்கும் பொறுப்போடு கனோவா அங்கே போனார். அதற்கு உதவிய பிரிட்டிஷ்காரர்களுக்கு அவர் பின்னர் நன்றியாக அனுப்பியவை இத்தகைய தலைகள்தாம்.

வடிவம் ‘ஹெர்ம்’ ஆக இருக்கட்டும். தோளை இரு பக்கமும் நேராக வெட்டி, மார்புக்குக் கீழே சதுரமாக முடிக்கும் வடிவம் அது. கை கிடையாது, மெலிந்து நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு கிடையாது, அளவு எடுக்க நேரான பக்கங்கள் உண்டு. உயரம் 50 செ.மீ. இந்த அளவில் முடிந்த சிலை சுமார் 60 கிலோ வரும்.

அக்டோபரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் ரோமின் பருவம். குளிர்காலத்தில் களிமண் மெதுவாகக் காயும், அவசரப்படுத்தாது. பிளாஸ்டர் இளவேனிலில் நன்றாக உலரும். கோடையின் நீண்ட பகல் கல்லுடைக்க உதவும். அந்தக் காலத்து ரோமில் கோடை மலேரியாக் காலமும்கூட, வசதியுள்ள வெளிநாட்டவர் நகரைவிட்டு வெளியேறிவிடுவார்கள். அவர்கள் வந்து பட்டறைகளைச் சுற்றிப் பார்ப்பது குளிர்காலத்திலும் ஈஸ்டர் வரையிலும்தான். அப்போது காட்டுவதற்குப் புதிய பிளாஸ்டர் தயாராக இருந்தால் வேலை கிடைக்கும். வேறு ஊரில் இருப்பவர் மாதங்களை விட்டுவிட்டு இந்த வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: களிமண் குளிர்ச்சியில், பிளாஸ்டர் வறண்ட காற்றில்.

களிமண்: அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை

முதல் வாரம் உள்ளங்கை அளவில் ஐந்தாறு சிறு மாதிரிகள் பிடியுங்கள். கனோவாவின் சிறு மண் மாதிரிகளைப் பார்த்தால், பளிங்கில் அவ்வளவு வழுவழுப்பாக முடித்த கையா இது என்று தோன்றும். விரல் தடமும் கத்தித் தடமும் அப்படியே தெரியும் முரட்டு மண் அவை. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கழுத்து எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் இங்கே முடிவு செய்ய வேண்டும். கண்ணும் உதடும் இப்போது தேவையில்லை.

பிறகு உள்கூடு. 50 × 50 செ.மீ., 20 மி.மீ. தடிமனுள்ள ஒட்டுப்பலகையின் அடியில் இரண்டு சட்டங்களைக் குறுக்கே அடியுங்கள். சட்டம் இல்லாத பலகை ஈரத்தில் வளையும், பலகை வளைந்தால் மண் வெடிக்கும். நடுவில் 25 மி.மீ. இரும்புக் குழாயை 38 செ.மீ. உயரத்துக்குத் திருகி நிறுத்தி, துரு மண்ணில் இறங்காதபடி வார்னிஷ் அடியுங்கள். குழாயின் தலையில் 6 மி.மீ. அலுமினியக் கம்பியால் முட்டை வடிவில் இரண்டு வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். வளையம் முடிவான தலையைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். வளையத்துக்குள் 5 செ.மீ. நீளக் குச்சிகளைச் சிலுவையாகக் கட்டிக் கம்பியில் தொங்கவிடுங்கள். சிற்பப் பட்டறைகளில் இவற்றுக்குப் ‘பட்டாம்பூச்சி’ என்று பெயர். மோவாயிலும் பின்மண்டையிலும் மண் தன் பாரத்தால் கீழே வழியாமல் பிடித்துக்கொள்பவை இவைதாம். மார்புப் பகுதியில் மரத்துண்டுகளை வைத்துக் கட்டினால் மண் 30 கிலோவோடு முடியும்.

கழுத்துச் சாய்வை முடிவு செய்யாமல் குழாயை நட்டால், ஆறாவது வாரத்தில் தொண்டைக்குழியில் இரும்பு எட்டிப் பார்க்கும். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பிரித்துத் திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. உருண்டை உருண்டையாக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் மரக்கட்டையால் தட்டி இறுக்குங்கள். இடையில் காற்று நின்றால் பின்னால் அந்த இடம் அமுங்கும். முதல் பத்து நாள் பெரிய தளங்கள் மட்டும்: நெற்றி, இரு கன்னம், மோவாய், கழுத்தின் உருளை. முடி தொடங்கும் கோடு முதல் புருவம் வரை, புருவம் முதல் மூக்கடி வரை, மூக்கடி முதல் மோவாய் வரை மூன்றும் சமம். காதுத் துளையை நிலையான புள்ளியாக வைத்து, அங்கிருந்து மூக்கு நுனிக்கும் மோவாய்க்கும் கவராயத்தால் இரு பக்கமும் அளந்துகொண்டே போங்கள்.

இந்தப் பாணியின் முகம் எங்கே அமைகிறது என்றால் நெற்றியிலிருந்து மூக்குக்கு ஏறக்குறைய நேராக இறங்கும் கோட்டில். புருவ விளிம்பு கூர்மையாக இருக்கும். கண்மணி தோண்டப்படாது, விழி வெறுமையாகவே நிற்கும். அதனால் பார்வை முழுவதையும் இமைதான் சுமக்கிறது. மேல் இமையைத் தடிப்பாகவும் கீழ் இமையைக் கன்னத்தோடு கரையும்படியும் வையுங்கள். உதடு ஒரு மயிரிழை பிரிந்திருக்கலாம், அதன் ஓரங்கள் ஆழமாக இருக்க வேண்டும். வலமும் இடமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் பொம்மை முகம் வந்துவிடும். தலை திரும்பும் பக்கத்துக் கன்னத்தை ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே உயிர் தெரியும்.

முடியில்தான் பலர் ஏமாறுவார்கள். கம்பி வளையக் கருவியால் மண்ணில் எவ்வளவு ஆழமாகவும் குடையலாம். கல்லில் அந்த இடத்துக்குத் துளைக்கருவி போக வேண்டும், அளவு ஊசியும் போக வேண்டும். 4 மி.மீ.க்குக் குறைந்த பள்ளம் வேண்டாம். வளைந்து உள்ளே ஒளிந்துகொள்ளும் பள்ளமும் வேண்டாம். ஒவ்வொரு சுருளையும் முடிக்கும்போது ஒரு பின்னல் ஊசியை விட்டுப் பாருங்கள். நேராக அடி தொட்டால் வைத்துக்கொள்ளலாம், தொடாவிட்டால் மண்ணால் அடைத்துவிடுங்கள்.

இரவில் மெல்லிய ஈரப் பருத்தித் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. துணி மூக்கின் மேல் நேராகப் படாதபடி நாலு குச்சி நட்டுக் கூடாரமாகப் போடுங்கள். மண் காய்ந்தால் முதலில் வெடிப்பது கழுத்து. மண் சுருங்கும், உள்ளே இருக்கும் குழாய் சுருங்காது. அப்படி வெடித்தால் அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஈரத்துணியால் ஒரு நாள் சுற்றி வைத்து, கத்தியால் வெடிப்பை அகலப்படுத்தி, குழைவான மண்ணை அழுத்தி நிரப்ப வேண்டும்.

மண் உருவத்துக்கு ஆயுள் கிடையாது. தோர்வால்சன் 1801-இல் செய்த கிரேக்கப் புராண வீரன் ‘ஜேசனின்’ முதல் உருவம் பிளாஸ்டரில் எடுக்கப் பணமில்லாமல் உடைந்து போனது. இரண்டாவது ஜேசன் தப்பியதற்குக் காரணம், பிரெடெரிக்கே ப்ரூன் என்ற எழுத்தாளர் வார்ப்புச் செலவைக் கொடுத்ததுதான்.

பிளாஸ்டர்: ஜனவரி முதல் மார்ச் வரை

‘வீண் அச்சு’ எனப்படும் முறை இது. ஒரே ஒரு வார்ப்பு எடுத்தபின் அச்சை உடைத்து எறிந்துவிடுவோம். புதிய, மென்மையான வார்ப்புப் பிளாஸ்டர் 30 கிலோ வாங்குங்கள். ஈரம் ஏறிய பழைய மூட்டை இறுகாது, இறுகினாலும் பொடியும்.

கலவை: 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 1.4 கிலோ. தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக்கூடாது. மேலே சிறு தீவுகள் நிற்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் வைத்துக் குமிழி எழாமல் கலக்குங்கள். வெந்நீர், உப்பு, அதிகக் கலக்கல் மூன்றும் இறுகுவதை விரைவுபடுத்தும். இறுகிக்கொண்டிருக்கும் கெட்டிக் கலவைக்குள் கையை வைத்திருக்காதீர்கள். அதன் சூடு தோலைப் பொசுக்கும்.

காதுக்குப் பின்னால், உச்சந்தலை வழியாக, இரு தோள் வரை மெல்லிய பித்தளைத் தகடுகளை 2 செ.மீ. வெளியே தெரியும்படி வரிசையாகக் குத்துங்கள். அச்சின் முன்பாதியும் பின்பாதியும் பிரியும் கோடு அதுதான். முதல் பூச்சுக்கான தண்ணீரில் இரண்டு கரண்டி காவிப் பொடி கலந்து, அந்த இளஞ்சிவப்புப் பிளாஸ்டரைக் கையால் வீசியும் ஊதியும் 5 மி.மீ. கனத்துக்கு ஏற்றுங்கள். தூரிகை போட்டால் மண்ணில் கோடு விழும். அதன்மேல் 2 செ.மீ. வெள்ளைப் பூச்சு, சணல் நாரோடு. இந்த நிற வேறுபாடுதான் பின்னால் உங்கள் மூக்கைக் காப்பாற்றப் போகிறது.

மறுநாள் தகடு வரிசையில் சிறு ஆப்புகளைச் செருகி, தண்ணீர் விட்டுவிட்டுத் தட்டினால் பின்பாதி கழன்று வரும். மண்ணைத் தோண்டி எடுங்கள். உருவம் இந்த நிமிடத்தோடு அழிகிறது, திரும்பிப் போக வழியில்லை. அச்சின் உட்புறத்தைக் கழுவி, மென்சோப்புக் கரைசலை மூன்று முறை பூசுங்கள். மூன்றாம் முறை உள்ளே ஈரப் பளபளப்பு நிற்கும். தேங்கிய சோப்பை ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் தொட்ட தூரிகையால் ஒரு தடவு. சோப்பு குறைந்தால் வார்ப்பு அச்சோடு ஒட்டும். கூடினால் வார்ப்பின் தோல் மாவாகும், கண்ணிமை போன்ற இடங்கள் விரல் பட்டாலே உதிரும்.

பாதிகளைச் சேர்த்துக் கட்டி, இடுக்கைப் பூசி அடைத்து, தலைகீழாக நிறுத்தி, வெள்ளைக் கலவையை ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி 2.5 செ.மீ. கனம் ஏற்றுங்கள். கழுத்தில் சணலும் ஒரு பித்தளைக் குழாயும் வையுங்கள். ஒரு நாள் கழித்து, மழுங்கிய உளியும் மரச் சுத்தியலும் கொண்டு வெள்ளை ஓட்டைத் துண்டு துண்டாக உடையுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்ததும் கை மாற வேண்டும். அதற்கு அடியில் 5 மி.மீ. தொலைவில் முகம் இருக்கிறது. உளியைச் செங்குத்தாகப் பிடித்துச் சிறு தட்டு மட்டும் கொடுத்தால் ஓடு தானாகத் துள்ளி விழும். நெம்பினால் வார்ப்பும் சேர்ந்து வரும். இந்த உடைப்புக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

வார்ப்பு உலர மூன்று வாரமாவது வேண்டும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். குமிழிக் குழிகளை அடைப்பதானால், அந்த இடத்தை முதலில் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டு அடையுங்கள். உலர்ந்த பிளாஸ்டர் புதிய கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் ஒட்டு மாவாகப் போகும். இணைப்புக் கோட்டை அரத்தால் தேயுங்கள். இந்த மாதங்களில் வார்ப்பைத் தினமும் பார்க்கும் இடத்தில் வைத்துத் தயங்காமல் திருத்துங்கள். பிளாஸ்டரில் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். கல்லில் குறைக்க மட்டுமே முடியும்.

வியாபாரமும் இங்கேதான் நடந்தது. பளிங்கின் விலை அதிகம் என்பதால் சிற்பிகள் பிளாஸ்டரைக் காட்டி, வேலை உறுதியான பிறகே கல் வாங்கினார்கள். 1803-இல் ஊர் திரும்பவிருந்த தோர்வால்சனின் ஜேசனைப் பார்த்து, கலைப்பொருள் சேகரிப்பாளர் தாமஸ் ஹோப் அதைப் பளிங்கில் கேட்டார். அதனால் தோர்வால்சன் ரோமிலேயே தங்கினார். ஹோப்பின் கைக்கு அந்தச் சிலை போனது 1828-இல்! காலக்கெடு பற்றி இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

கல்: மார்ச்

இத்தாலியின் கராரா மலையில் தோண்டிய ‘ஸ்டாச்சுவாரியோ’ என்ற வகைதான் அவர்கள் விரும்பியது. சீரான நுண்மணி, லேசான பால் மஞ்சள் சாயல். மலைச்சரிவில் சோப்புப் பூசிய மரக்கட்டைகளின் மேல் கயிற்றால் பிடித்துப் பிடித்து இறக்கி, கடல் வழியாக ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு வேண்டியது 55 × 42 × 35 செ.மீ. பாளம். பளிங்கு ஒரு கன மீட்டர் 2.7 டன் என்பதால் இது சுமார் 218 கிலோ. முக்கால் பங்கு சில்லாகப் போகும்.

வாங்கும்போது மூன்று சோதனை. சுத்தியலால் பல இடங்களில் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்ல கல், மொட்டையான ஓசை வந்தால் உள்ளே விரிசல். பிறகு தண்ணீர் ஊற்றி உலர விடுங்கள். மேற்பரப்பு வெளுத்தபின்னும் ஈரக்கோடு ஒன்று கருப்பாக நின்றால் அது மயிரிழை வெடிப்பு. கடைசியாகப் பளபளக்கும் மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இரும்புக் கந்தகத் துகள், பிற்பாடு துருக்கறையாக வழியும். சாம்பல் நரம்பு இருந்தால் அது பின்மண்டைப் பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். இத்தனை பார்த்தும் உள்ளே ஒளிந்திருக்கும் நரம்பு கன்னத்தில் வெளிப்படலாம். கனோவா காலத்திலும் அதற்கு மருந்து இல்லை.

புள்ளி மாற்றம்: ஏப்ரல் முதல் ஜூலை வரை

வெனிஸுக்கு வடக்கே பொசாஞ்ஞோ என்ற ஊர் கனோவா பிறந்த இடம். அங்குள்ள காட்சிக்கூடத்தில் அவருடைய பிளாஸ்டர்கள் இருக்கின்றன. முகத்திலும் மார்பிலும் அம்மைத் தழும்பு போல உலோக ஆணிகள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் கல்லுக்கு மாற்ற வேண்டிய ஒரு புள்ளி. பிளாஸ்டருக்கும் கல்லுக்கும் மேலே ஒரே அளவு மரச்சட்டங்களை மாட்டி, அவற்றிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கவராயத்தால் அளப்பது அந்நாளைய வழக்கம். அதைவிட எளிதான புள்ளிக் கருவியும் 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பிரான்சின் நிக்கோலா-மரி காத்தோ, இங்கிலாந்தின் ஜான் பேக்கன் ஆகியோரின் பெயர்கள் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும். இன்றும் கிடைப்பது அதுதான்: T வடிவச் சட்டம், மூன்று எஃகு முனைகள், பல மூட்டுகளில் திரும்பும் கை, அதன் நுனியில் முன்பின் நகரும் ஊசி, ஊசியில் ஒரு தடை வளையம்.

மூன்று முனைகளுக்கும் பிளாஸ்டரில் சிறு உலோகக் குழிகள் பதியுங்கள்: கீழே அடிப்பகுதியின் இரு ஓரத்தில் இரண்டு, உச்சி நெற்றிக்கு மேலே ஒன்று. அதே மூன்றைக் கல்லிலும் அதே தொலைவில் பதிக்க வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சிலை முழுவதும் ஒரு பக்கம் சாயும். கல்லை மரமேடையில் பிளாஸ்டர் படுக்கையின் மேல் அசையாமல் உட்கார வையுங்கள்.

ஒரு புள்ளியை எடுக்கும் விதம் இது. கருவியைப் பிளாஸ்டரில் மாட்டி, ஊசியை மூக்கு நுனியில் தொடவிட்டு, தடை வளையத்தை இறுக்குங்கள். ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் கருவியைக் கல்லில் மாட்டி, ஊசி கல்லைத் தொடும்வரை தள்ளுங்கள். தடை வளையத்துக்கும் அதன் இருக்கைக்கும் இடையே இன்னும் இருக்கும் இடைவெளிதான் வெட்டி எடுக்க வேண்டிய ஆழம். அது 62 மி.மீ. என்றால், மூன்று மி.மீ. கழித்து 59 மட்டும் எடுங்கள். கொஞ்சம் உடைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி உடைத்துப் போக வேண்டும். ஆழம் வந்ததும் குழியின் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பின்னால் உளி போடும்போது அந்தச் சிவப்பு காணாமல் போனால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

முதலில் வெளியே துருத்தும் இடங்கள்: மூக்கு நுனி, மோவாய், முன்முடியின் உச்சி, பின்கொண்டை, மார்பின் விளிம்பு. இந்தச் சுற்றில் 3 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. மிச்சம் வையுங்கள். இரண்டாம் சுற்றில் முகத்தில் 1 செ.மீ.க்கு ஒரு புள்ளி, முடியிலும் மார்பிலும் 2 அல்லது 3 செ.மீ.க்கு ஒன்று. மொத்தம் 250, 300 புள்ளிகள் ஆகும்.

தவறு வருவது பெரும்பாலும் தூசியால். கல்லில் பதித்த குழிக்குள் ஒரு சில்லு விழுந்திருந்தால் கருவி அரை மில்லிமீட்டர் தூக்கி உட்காரும். முகத்தில் எல்லாப் புள்ளியும் சேர்ந்து நகர்ந்துவிடும், உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் மூன்று குழியையும் ஊதுங்கள். ஊசியை அழுத்தித் தள்ளினால் கை வளையும், தொட்டால் போதும். நாள் தொடங்கும்போது நேற்றைய புள்ளி ஒன்றைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இது கைத்திறன் கேட்காத வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இது படைப்பு வேலை இல்லை என்பது சரி. 1860-களில் ரோமில் பட்டறை வைத்திருந்த அமெரிக்கச் சிற்பி ஹாரியட் ஹோஸ்மரின் ‘ஸெனோபியா’ அரசி சிலையை அவருடைய ஆட்கள்தான் செய்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. பளிங்கை உதவியாளர்கள் வெட்டுவது ஆண் சிற்பிகளிடமும் உள்ள நடைமுறை என்பதை அவர் 1864-இல் கட்டுரை எழுதி விளக்க வேண்டியிருந்தது. கனோவாவிடம் யாரும் இந்தக் கேள்வியை இந்தத் தொனியில் கேட்டதாகத் தெரியவில்லை.

உளி வேலை

கருங்கல்லில் பழகிய கை இங்கே கவனமாக இருக்க வேண்டும். கருங்கல்லில் உளியைச் செங்குத்தாக வைத்து மணிகளை நசுக்கி எடுப்போம். பளிங்கில் அப்படி அடித்தால் அடிபட்ட இடத்துக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழம் வரை மணிகள் கலங்கி வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இப்போது தெரியாது. மெருகேற்றும்போது கன்னத்தில் அம்மைத் தழும்பாக வந்து நிற்கும். கூர் உளியை 45 முதல் 60 பாகைச் சாய்வில் பிடித்து, 900 கிராம் சுத்தியலால், இணையான கோடுகளாக ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி அடியுங்கள். உள்ளிருந்து ஓரத்துக்கு அடித்தால் ஓரம் பெயர்ந்து விழும். முடிவான பரப்புக்கு 1 செ.மீ. இருக்கும்போது கூர் உளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து பல் உளி, 500 கிராம் சுத்தியல். ஒரு திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை. பரப்பின் வளைவு முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கோடுகளில்தான். பல் மழுங்கினால் சாணை பிடியுங்கள். மழுங்கிய உளியும் கல்லைக் கலக்கும்.

கழுத்தைக் கடைசி வரை தடிப்பாக விடுங்கள். தலையில் விழும் ஒவ்வொரு அடியும் கழுத்து வழியாகத்தான் மேடைக்கு இறங்குகிறது. முடியின் பின்பக்கம் முடியும் வரை கழுத்தில் 3 செ.மீ. கூடுதல் கல் நிற்கட்டும். மூக்குக்கும் காது மடலுக்கும் அதே விதி, மெல்லிய உறுப்பு கடைசியில்.

முடியின் பள்ளங்களுக்கு அவர்கள் வில் துரப்பணம் வைத்திருந்தார்கள். ஒருவர் பிடிப்பார், இன்னொருவர் கயிறை இழுப்பார். இன்று 4, 6 மி.மீ. கையியந்திரம் போதும். பள்ளம் நெடுக வரிசையாகத் துளையிட்டு, துளைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர்களைச் சிறு வட்ட உளியால் உடையுங்கள். நேராகப் பள்ளத்தை வெட்டப் போனால் இரு பக்கச் சுருளும் ஒடியும்.

முகமூடியும் கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம். தேய்ப்பு வேலை முழுவதும் தண்ணீர் விட்டே செய்யுங்கள்.

கடைசி மூன்று மில்லிமீட்டர்: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

இங்கிருந்து பிளாஸ்டரை ஒரு துணியால் மூடிவிடலாம். எல்லாப் புள்ளியிலும் 3 மி.மீ. இருக்கிறது. அந்த 3 மி.மீ.க்குள் முகத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். பளிங்கு ஒளியைச் சற்று உள்ளே விட்டுத் திருப்பி அனுப்பும். அதனால் பிளாஸ்டரில் தெளிவாக இருந்த இமை கல்லில் மங்கித் தெரியும். அதே அளவுக்கு நகல் எடுத்த முகம் தூங்குமூஞ்சியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இமை விளிம்பு, உதட்டோரம், மூக்குச் சிறகின் பள்ளம் மூன்றையும் மண்ணில் வைத்ததைவிடச் சற்று ஆழமாக்குங்கள். கன்னத்தையும் நெற்றியையும் ஆழப்படுத்தாமல் மெல்லக் கரைத்துவிடுங்கள்.

தட்டை உளிக்குப் பிறகு அரம், வளைந்த சிறு அரம். அரத்தை எப்போதும் வளைவுக்குக் குறுக்கே சாய்வாக ஓட்டுங்கள், ஒரே திசையில் ஓட்டினால் பள்ளம் விழும். கனோவா இந்தக் கட்டத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்ததற்குக் காரணம், பக்கவாட்டில் வரும் ஒற்றை ஒளி சிறு மேட்டையும் நிழலாக்கிக் காட்டிவிடும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைக் கன்னத்துக்கு இணையாகப் பிடித்தால் அதே பலன். தெரிகிற மேடுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பகலில் எடுங்கள். சிலையைச் சுழல் பீடத்தில் வைத்திருப்பது நல்லது. கனோவா செய்த, நெப்போலியனின் தங்கை பவுலினா போர்கேசேயின் சிலையின் பீடத்துக்குள்ளும் திருப்பும் பொறி உண்டு.

தேய்ப்பதற்கு அவர்களிடம் மணற்கல்லும் நுரைக்கல்லும் இருந்தன. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் என்றால் 80, 150, 220, 320, 400 என்ற வரிசை. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல் முழுவதும் போன பின்பே அடுத்தது. 150-ஐத் தாண்டிக் குதித்தவர் 400-இல் திரும்பி வருவார். தோல் பகுதியை 400-இல் நிறுத்துங்கள், கண்ணாடிப் பளபளப்பு இந்தப் பாணிக்கு ஒவ்வாது. முடியை 150-இலேயே விடுங்கள், பள்ளங்களில் உளித்தடம் இருக்கட்டும். தோலும் முடியும் ஒரே மெருகில் இருந்தால் சோப்புக்கட்டியில் செய்ததுபோல் தோன்றும்.

இந்தப் பரப்பு வேறுபாட்டை நேரில் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே வாய்ப்பு இருக்கிறது. தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப் படுக்கையிலிருக்கும் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரைச் சரபோஜி மன்னர் காண வரும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இதே பாணியின் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்னோர் ஆங்கிலச் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செய்த கார்ன்வாலிஸ் முழுவுருவம் நிற்கிறது. முகத்தைவிட உடையின் மடிப்புக்குள்ளும் முடியின் இடுக்கிலும் பாருங்கள்.

வெட்டிய பளிங்கின் கண் கூசும் வெண்மையை அடக்க, கனோவா சாணைக்கல்லில் உளி தீட்டிய அழுக்கு நீரைப் பூசிக் கழுவினார், மெழுகும் இட்டார். கிரேக்க இளமைத் தெய்வம் ‘ஹீபி’யின் சிலையில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் செம்மை தீட்டியபோது மட்டும் அந்தக் காலத்து ரசனை பொறுக்கவில்லை. சாணை நீரை நீங்கள் முயல வேண்டாம். இன்றைய எஃகின் துகள் கல்லில் தங்கித் துருவாக மாறும். அதே காரணத்தால் இரும்புக் கம்பளியும் இந்தப் பட்டறைக்குள் வரக்கூடாது. பீடத்தில் பொருத்தும் தண்டும் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும்.

மெழுகிடுவதற்கு முன் வெறும் தண்ணீரால் கழுவி ஒரு வாரம் உலர விடுங்கள். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு எதுவும் பட்டால் இரண்டு மாத மெருகு ஒரு நிமிடத்தில் அரித்துப் போகும். வெளுத்த தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து, துணியால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அரைமணி கழித்துப் பருத்தித் துணியால் தேய்ப்பு. கூடுதலாகப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகும், இமை இடுக்கில் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சிலையை வைக்கும் இடத்தில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, தலைக்கு மேலே சாய்வாக விழட்டும். எதிர்ச்சுவரில் வெள்ளைக் குழல்விளக்கு இருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள்.